பரீட்சையில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று: இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?

கேள்வி, பிப்ரவரி 4

உயிரியல் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். பரிணாமம் பற்றிப் பத்து மார்க் கேள்வி வந்தால் முழுசாக வாங்கிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை சண்டே ஸ்கூலில் ஆறு நாள் சிருஷ்டிப்பைப் பிள்ளைகளுக்கு நானே சொல்லித் தருகிறேன். போன வாரம் எங்கள் போதகர் பிரசங்கத்தில், "பரிணாமத்தை ஏற்கிறவன் ஆதாமை மறுக்கிறான், ஆதாமை மறுக்கிறவன் சிலுவையை மறுக்கிறான்" என்றார். அன்றிலிருந்து வயிற்றில் கல் விழுந்த மாதிரி இருக்கிறது. நான் விசுவாசத்தை விட்டு விலகின பின்மாற்றக்காரனா, இல்லை பொய்யனா? இரண்டையும் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறவர்கள் யாராவது இங்கே உண்டா?

பிப்ரவரி 4, இரவு 10.50

நிம்மதியாக இல்லை தம்பி. ஆனால் இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். மரபணு ஆய்வகத்தில் இருபது வருஷத்துக்கு மேலாக வேலை. சபையில் அதற்கும் முன்பிருந்தே.

சுலபமானதை முதலில் முடித்துவிடுவோம். ஆறு நாள். வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் சூரியன் நாலாம் நாளில்தான் வருகிறது. அதற்குள் மூன்று முறை "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" வந்துவிடுகிறது. சூரியன் இல்லாமல் சாயங்காலம் ஏது? டார்வினுக்குப் பயந்து யாரும் கிளப்பிய கேள்வி இல்லை இது. மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் என்ற வேத அறிஞர் கேட்டுவிட்டார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆதியாகமத்துக்கு உரை எழுதிய பிஷப் அகஸ்டின், தேவன் எல்லாவற்றையும் ஒருங்கே படைத்தார், அந்த நாட்கள் நம்முடைய நாட்களைப் போன்றவை அல்ல என்று நினைத்தார். அதே உரையில் விசுவாசிகளை ஒரு பிடி பிடிக்கிறார். வானம் பூமி பற்றி விவரம் தெரிந்த ஒரு அவிசுவாசியின் முன்னால் நீ வேதத்தின் பெயரைச் சொல்லி உளறினால், உயிர்த்தெழுதலைப் பற்றி அதே வேதம் சொல்வதை அவன் எப்படி நம்புவான் என்று.

உன் வயிற்றில் கிடக்கிற கல் ஆறு நாள் இல்லை. ஆதாம். அதற்கு அப்புறம் வருகிறேன், நாளைக்குக் காலையில் வேலை இருக்கிறது.

பிப்ரவரி 5, காலை 6.15

"அகஸ்டின் சொன்னால் அது வேதமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. ஆனால் "பூமிக்கு வயது ஆறாயிரம் வருஷம்" என்பதும் வேதம் இல்லை. அயர்லாந்தின் ஆர்ச் பிஷப் அஷர் வேதத்தின் வம்ச வரலாறுகளைக் கூட்டிக் கழித்து, சிருஷ்டிப்பு நடந்த வருஷம் கி.மு. 4004 என்று 1650-இல் போட்டார். 1701 முதல் அந்த எண்ணை ஆங்கில பைபிளின் ஓரத்தில் அச்சடிக்க ஆரம்பித்தார்கள். ஓரத்தில் இருந்த எண் மெல்ல நகர்ந்து வசனத்துக்குள் உட்கார்ந்துகொண்டது. அஷரைக் கிண்டல் பண்ண மாட்டேன். அவர் காலத்தில் கையில் இருந்த எல்லாச் சரித்திர ஏடுகளையும் புரட்டிப் பார்த்துத்தான் கணக்குப் போட்டார். கணக்குப் போடாமல் அவர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் நாம்.

பிப்ரவரி 6, மதியம்

"கலிலேயோவைச் சிறையில் தள்ளின கூட்டம்தானே நீங்கள்" என்று இன்னொருவர். ஆமாம் ஐயா, 1633-இல் எழுபதை நெருங்கிய கிழவரை மண்டியிட வைத்துச் சிறையில் அடைத்தார்கள். அதற்குச் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன்.

பிப்ரவரி 6, இரவு 11

மதியம் எழுதியதில் தப்பு. மண்டியிட வைத்தது சரி. சிறை என்று தீர்ப்பில் எழுதினார்களே தவிர, கைதிக் கொட்டடியில் அடைக்கவில்லை. வீட்டுக்காவலாக மாற்றினார்கள். முதலில் சியென்னாவில் ஆர்ச் பிஷப் வீட்டில் இருந்தார், பிறகு ஆர்செட்ரியில் தன் வீட்டுக்குப் போனார், 1642-இல் அங்கேயே இறந்தார். திருத்திய நண்பருக்கு நன்றி. கொஞ்சம் சந்தோஷமாகவே திருத்தினார் என்று தோன்றுகிறது.

திருத்திக்கொண்டே போனால் கதை இன்னும் சிக்கலாகிறது. பூமி சுற்றுகிறது என்பதற்குக் கலிலேயோ பெரிதாக நம்பிய சான்று கடல் அலையேற்றம். அது தவறு. பூமியின் ஓட்டத்தால் நட்சத்திரங்கள் இடம் மாறித் தெரிய வேண்டுமே என்று அன்றைக்கு எதிர்த்தவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. அந்தச் சிறு நகர்வை முதன்முதலாக அளந்து சொன்னவர் பெஸ்ஸல் என்ற ஜெர்மன் வானியலாளர், 1838-இல். கார்டினல் பெல்லார்மின் 1615-லேயே ஒரு கடிதத்தில், உண்மையான நிரூபணம் கிடைத்தால் வேதத்துக்கு நாம் சொல்லும் பொருளைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும், நிரூபிக்கப்பட்டதைப் பொய் என்பதைவிட நமக்கு வசனம் புரியவில்லை என்பதே மேல் என்று எழுதினார். நல்ல வாக்கியம். 18 வருஷம் கழித்துத் தீர்ப்பு எழுதினவர்களுக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை. 1992-இல் போப் இரண்டாம் ஜான் பால் அன்றைய இறையியலாளர்கள் தவறினார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். 359 வருஷம். தாமதமான மன்னிப்புக்கு வட்டி கிடையாது போலிருக்கிறது.

பிப்ரவரி 8

இப்போது நம் ஆட்கள் பக்கம். மூன்று பேர் மூன்று வாட்ஸப் செய்திகளை இங்கே ஒட்டியிருக்கிறீர்கள். "அறிவியல் இன்றைக்குக் கண்டுபிடித்ததை வேதம் அன்றைக்கே சொன்னது."

முதல் வசனம் யோபு 26:7, "பூமியை அந்தரத்திலே தொங்கவைக்கிறார்." பத்து வயதில் இதைக் கேட்டு எனக்கும் புல்லரித்தது. ஆனால் அதே யோபுவில் 9:6-ஐ யாரும் அனுப்புவதில்லை. அங்கே பூமியை அதன் இடத்திலிருந்து அசைக்கிறார், அதின் தூண்கள் அதிர்கின்றன. அந்தரத்தில் தொங்குகிற பூமிக்குத் தூண் எதற்கு? முதலாவது விஞ்ஞானம், இரண்டாவது கவிதை என்று நம் வசதிக்குப் பிரிக்கக் கூடாது. இரண்டுமே கவிதை.

இரண்டாவது, ஏசாயா 40:22, "பூமி உருண்டையின்மேல் வீற்றிருக்கிறவர்." இதுதான் எனக்குப் பிடித்தது. உருண்டை என்று தமிழில் இருக்கிறதே, இதற்கு மேல் என்ன வேண்டும்? எபிரெயத்தில் அங்கே இருக்கிற சொல்லுக்கு வட்டம் என்று பொருள். ஏசாயாவே 22-ஆம் அதிகாரத்தில் பந்துக்கு வேறு சொல் வைத்திருக்கிறார். பூமி உருண்டை என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு காலத்தில் மொழிபெயர்த்தவர்கள் கை தானாக உருண்டை என்று எழுதிவிட்டது. பிறகு நாம் அந்த உருண்டையைக் காட்டி, "பார், அன்றைக்கே சொன்னது" என்கிறோம். அவர்கள் வைத்ததை நாம் எடுக்கிறோம். கண்டுபிடிப்பு எங்கே இருக்கிறது?

மூன்றாவது, யோசுவாவுக்காகச் சூரியன் நின்றதாக வேதம் சொல்கிறதே, அந்தக் காணாமல்போன நாளை நாசாவின் கம்ப்யூட்டர் கண்டுபிடித்த கதை. அப்படி ஒன்று நடக்கவே இல்லை. தயவுசெய்து இதையாவது நிறுத்துங்கள். பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்பதும் வேதத்தில்தான் இருக்கிறது.

பிப்ரவரி 9

"கிறிஸ்தவ விஞ்ஞானிகள் பட்டியல் போடுங்கள், அவிசுவாசிகள் வாயை அடைக்கலாம்" என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார். போட மாட்டேன். எதிர்ப்பக்கமும் பட்டியல் போடும், அவர்களிடம் பெயருக்குப் பஞ்சமில்லை. கேம்பிரிட்ஜில் கேவண்டிஷ் ஆய்வகத்தின் பழைய கதவில் சங்கீதம் 111:2 லத்தீனில் செதுக்கியிருக்கிறது. "கர்த்தரின் செய்கைகள் பெரியவைகளும், அவைகளில் பிரியப்படுகிற எல்லாராலும் ஆராயப்படுகிறவைகளுமாயிருக்கிறது." அந்தக் கதவு வழியாகப் போனவர்களில் எத்தனை பேர் அண்ணாந்து படித்தார்கள் என்று எந்தப் பட்டியலும் சொல்லாது. உள்ளே போய் எலக்ட்ரானைக் கண்டுபிடித்தார்கள். வசனத்துக்கு அதுவே போதும்.

பிப்ரவரி 10, விடிகாலை (தூக்கம் வரவில்லை)

பட்டியல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரே ஒருவரைப் பற்றி எழுதுகிறேன்.

ஜார்ஜ் லெமெத்ர். பெல்ஜியத்துக்காரர், 1923-இல் குருப்பட்டம் பெற்றவர். 1927-இல் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து பிரபஞ்சம் விரிகிறது என்று காட்டி, தூரத்து விண்மீன் மண்டலங்கள் விலகுவதோடு அதைப் பொருத்தி, பிரெஞ்சில் ஒரு கட்டுரை எழுதினார். அதிகம் பேர் படிக்காத ஒரு பத்திரிகையில். அந்த வருஷமே ஐன்ஸ்டைனைச் சந்தித்தபோது, கணக்கு சரி, இயற்பியல்தான் சகிக்கவில்லை என்கிற மாதிரி அவர் சொன்னதாக லெமெத்ரே பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1931-இல் எல்லாம் ஒரே ஆதி அணுவிலிருந்து தொடங்கியது என்றார். பெருவெடிப்பு என்று இதற்குப் பெயர் வைத்தவர் வானியலாளர் ஃப்ரெட் ஹாயில், 1949-இல் வானொலியில். அவர் இந்தக் கொள்கையைக் கடைசிவரை ஏற்கவில்லை. இதில் ஆதியாகம வாடை அடிக்கிறது என்பதும் அவருடைய எரிச்சல்களில் ஒன்று.

நான் இதை எழுத உட்கார்ந்தது இனிமேல் வருவதற்காக. 1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ், தன் விஞ்ஞானக் கழகத்தின் முன்னால் பேசும்போது, ‘வெளிச்சம் உண்டாகக்கடவது’ என்ற அந்த ஆதிக் கணத்துக்கு இன்றைய விஞ்ஞானம் சாட்சி சொல்கிறது என்கிற அளவுக்குப் போய்விட்டார். நம் சபைகளில் இதைச் சொல்லியிருந்தால் அல்லேலூயா சத்தத்தில் கூரை போயிருக்கும். கொள்கையின் தகப்பன், அதுவும் ஒரு குருவானவர், எவ்வளவு பூரித்திருக்க வேண்டும்? அவர் கலங்கிப்போனார். தன் கொள்கை மதக் கேள்விக்கு வெளியே நிற்கிறது, நாத்திகனும் அதைத் தாராளமாக ஏற்கலாம் என்பது அவர் நிலை. வாத்திக்கன் வானாய்வகத்தின் தலைவர் மூலமாகத் தன் கவலையை எட்டவைத்தார். அடுத்த வருஷம் ரோமில் கூடிய வானியலாளர்கள் முன்னால் பேசியபோது பயஸ் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

லெமெத்ர் 1966 ஜூனில் இறந்தார். ஆதி வெப்பத்தின் மிச்சமான நுண்ணலைக் கதிர்வீச்சைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்ற செய்தி அதற்குச் சற்று முன்புதான் படுக்கையில் இருந்த அவர் காதுக்கு எட்டியது.

அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது. "விஞ்ஞானம் ஒத்துக்கொண்டது" என்று சொல்லத்தான் என் வாய் எப்போதும் துடிக்கிறது. அவர் கையில் வைத்திருந்தும் சொல்லவில்லை.

பிப்ரவரி 12

சரி, பரிணாமம். தம்பி பாடத்தில் படித்திருப்பான், மற்றவர்களுக்காக. நான் புத்தகத்தில் படித்து மாறவில்லை. ஒரு திரையைப் பார்த்து மாறினேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. பெரும்பாலான பாலூட்டிகள் வைட்டமின் சி-யைத் தங்கள் உடம்பிலேயே செய்துகொள்ளும். நமக்கு முடியாது. அதற்கான கடைசிப் படியைச் செய்கிற மரபணு நம்மிடம் உடைந்து கிடக்கிறது. இல்லாமல் போகவில்லை, கிடக்கிறது. இடிந்த வீட்டில் இரண்டு சுவர் மட்டும் நிற்கிற மாதிரி. எலியின் வரிசையை மேலே வைத்து, மனிதனுடையதையும் சிம்பன்சியுடையதையும் கீழே அடுக்கி, எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்த்தேன். ஏ, டி, ஜி, சி என்று நாலு நிறத்தில் எழுத்துகள் திரை முழுக்க ஓடும். எலியில் முழுசாக இருக்கிற பகுதிகள் கீழே இரண்டு வரியிலும் வெறும் கோடாக இருந்தன. மனிதனில் எங்கே கோடோ சிம்பன்சியிலும் அங்கேயே கோடு. மிஞ்சியிருந்த சுவரிலும் அதே இடத்தில் அதே விரிசல்.

வேலை ஒத்துப்போனால், ஒரே கைவினைஞர் ஒரே மாதிரி செய்தார் என்று சொல்லலாம். அதுவரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிழை ஒத்துப்போனால் என்ன சொல்வது?

இதில் வேடிக்கை, இந்த முறையை நாம் வேதத்துக்கே பயன்படுத்துகிறோம். புதிய ஏற்பாட்டுக்கு ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் பிரதிகள். எது எதைப் பார்த்து எழுதியது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? சரியாக எழுதிய இடத்தை வைத்து இல்லை. இரண்டு பிரதியில் ஒரே இடத்தில் ஒரே வரி விட்டுப்போயிருந்தால், இரண்டுக்கும் தாய்ப்பிரதி ஒன்று. ஏட்டுச்சுவடியில் பாடபேதம் பார்க்கிறவர்கள் எல்லாரும் செய்வது இதுதான். "நம் கையில் இருக்கிற சுவிசேஷம் நம்பகமானது" என்று மேடையில் சொல்கிற ஊழியர் இந்தத் தர்க்கத்தின் மேல் நின்றுதான் சொல்கிறார். அதே தர்க்கம் ஒரு மரபணுவில் வந்தால் மட்டும் பிசாசின் தந்திரம் ஆகிவிடுமா?

அன்று ராத்திரி ஜெபம் பண்ண முட்டி போட்டேன், வார்த்தை வரவில்லை. அடுத்த ஏழெட்டு மாதம் திருவிருந்து எடுக்கவில்லை. கேட்டவர்களிடம் வயிறு சரியில்லை என்றேன்.

பிப்ரவரி 12, பின்னிரவு

"கினிப்பன்றிக்கும் அந்த மரபணு உடைந்திருக்கிறதே, அப்போது கினிப்பன்றியும் நம் சித்தப்பா மகனா?" நல்ல கேள்வி, நக்கலாகக் கேட்டாலும். உடைந்திருக்கிறது, ஆனால் வேறு விதமாக உடைந்திருக்கிறது. இரண்டு மாணவர்கள் ஒரே கணக்கைத் தப்பாகப் போடுவது ஒன்று, ஒரே தப்பான விடையை ஒரே அடித்தல் திருத்தலோடு எழுதுவது இன்னொன்று. பரீட்சைத்தாள் திருத்துகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

பிப்ரவரி 15

"தேவன் எல்லாவற்றையும் வயதானது போலவே படைத்திருக்கலாமே? ஆதாமைக் குழந்தையாகவா படைத்தார்?" 1857-இல் பிலிப் காஸ் என்ற இயற்கையியலாளர், நல்ல விசுவாசி, இதைத்தான் எழுதினார். முதல் மரத்திலும் வளையம் இருந்திருக்கும், பாறைக்குள் புதைபடிவத்தோடே பூமி வந்தது என்று. அவருக்கு நண்பரான சார்ல்ஸ் கிங்ஸ்லி என்ற போதகரே, தேவன் பாறைகளில் ஒரு மகா பெரிய பொய்யை எழுதிவைத்தார் என்று என்னால் நம்ப முடியாது என்று சொல்லிவிட்டார். எனக்கும் அங்கேதான் நிற்கிறது. 1987-இல் ஒரு நட்சத்திரம் வெடித்ததை உலகமே பார்த்தது. அது இருந்த தூரம் ஏறத்தாழ 1,68,000 ஒளி ஆண்டு. ஆறாயிரம் வருஷம்தான் ஆயிற்று என்றால், அந்த வெடிப்பு நடக்கவே இல்லை, நடந்தது போன்ற வெளிச்சத்தை மட்டும் வழியில் ஏற்றி அனுப்பினார் என்றாகிறது. அப்படிப்பட்டவரை நான் எந்த வாக்குத்தத்தத்துக்கு நம்புவது?

பிப்ரவரி 17

"அப்படியானால் உயிர்த்தெழுதலையும் விட்டுவிடுங்களேன், ஏன் பாதியில் நிற்கிறீர்கள்?" நாத்திக நண்பர் கேட்டது. இந்த இழையிலேயே நேர்மையான கேள்வி.

செத்தவன் எழுந்திருக்க மாட்டான் என்று விஞ்ஞானம் வந்து சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் கல்லறையிலிருந்து ஓடிவந்து சொன்னபோது அப்போஸ்தலர்களுக்கே அது "வீண்பேச்சாகத் தோன்றினது" என்று லூக்கா எழுதிவைத்திருக்கிறார். விதி தெரிந்ததால்தான் அது செய்தி. மரபணு வரிசையைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கலாம். ஒரு தரம் நடந்ததாகச் சொல்லப்படுவதைச் சாட்சிகளை வைத்துத்தான் எடைபோட வேண்டும். நான் எடைபோட்டு நம்புகிறேன். நீங்கள் எடைபோட்டு நம்பவில்லை. இதில் ஆய்வகம் நமக்குத் தீர்ப்புச் சொல்லாது.

ஜெபத்தை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனவர்களும் உண்டு. இதய அறுவை சிகிச்சைக்கு வந்த 1,802 பேரை வைத்து அமெரிக்காவில் ஒரு ஆய்வு, 2006-இல் வெளியானது. தங்களுக்காக ஜெபிக்கப்படுமா என்று தெரியாதவர்களில், யாருக்காக ஜெபித்தார்களோ அவர்களுக்கும், யாருக்காக ஜெபிக்கவில்லையோ அவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. உனக்காக நிச்சயம் ஜெபிக்கிறோம் என்று சொல்லப்பட்டவர்களுக்குச் சிக்கல் கொஞ்சம் அதிகம், அவர்களில் 59 சதவீதம் பேருக்கு. "நமக்கு அவ்வளவு மோசமா?" என்று பயந்துவிட்டார்களோ என்னவோ. கர்த்தரைப் பரீட்சை பார்க்காதே என்று ஏற்கெனவே எழுதியிருந்ததை யாரும் அந்தக் குழுவுக்கு அனுப்பவில்லை போல.

பிப்ரவரி 20

இரண்டு நாளாக ஒருவர் இயற்கை மாறிலிகள் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார். ஈர்ப்பு விசை இம்மி பிசகினாலும் நட்சத்திரம் இல்லை, கார்பன் இல்லை, நாம் இல்லை, ஆகவே தேவன். நானும் இளைஞர் கூட்டங்களில் இதை வைத்து நன்றாகக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். இப்போது பேசுவதில்லை. வாதம் தப்பு என்று நிரூபணமாகிவிடவில்லை. நாளைக்கு ஒரு பௌதிகக்காரர் அந்த எண்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்று கண்டுபிடித்துவிட்டால், அன்றைக்கு என் தேவன் எங்கே போவார்? கோள்களின் ஓட்டம் அவ்வப்போது பிசகும், தேவன் கைகொடுத்துச் சரிசெய்கிறார் என்று நியூட்டன் நினைத்தார். பிற்பாடு லாப்லாஸ் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் கணக்குப் போட்டு அந்த வேலையை எடுத்துவிட்டார்.

நாஜிகளின் சிறையிலிருந்து 1944 மே மாதம் ஜெர்மன் போதகர் போன்ஹோஃபர் எழுதிய ஒரு கடிதத்தில், நமக்குத் தெரியாததில் அல்ல, தெரிந்ததில் தேவனைக் காண வேண்டும் என்கிறார். மழையை எடுத்துக்கொள்ளுங்கள். நீதியுள்ளவன்மேலும் அநீதியுள்ளவன்மேலும் அவர் மழை பெய்யப்பண்ணுகிறார் என்று படிக்கிறோம், மறுநாள் வானிலை அறிக்கையும் கேட்கிறோம். யாருக்கும் விசுவாசம் ஆட்டம் காணவில்லை. கர்ப்பத்தில் "விசித்திர விநோதமாய்" உருவாக்கப்பட்டேன் என்று சங்கீதம் 139-ஐப் பாடிக்கொண்டே ஸ்கேன் எடுக்கிறோம். ஒரு கருவுக்கு ஒன்பது மாதத்தில் ஒத்துப்போகிறது. ஓர் இனத்துக்குப் பல லட்சம் வருஷத்தில் ஏன் ஒத்துப்போகாது?

பிப்ரவரி 24

ஆதாம். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

மரபணு வேறுபாட்டின் அளவைப் பார்த்தால் நம் முன்னோர் ஒரு காலத்திலும் இரண்டே பேராகக் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆயிரக்கணக்கில் இருந்திருக்கிறார்கள். வேதமும் இதில் அவ்வளவு கறாராக இல்லை. "என்னைக் கண்டுபிடிக்கிறவன் எவனும் என்னைக் கொன்றுபோடுவான்" என்று ஆதாமின் மகன் காயீன் அலறுகிறானே, வீட்டில் அப்பா அம்மா தவிர யார் இருந்தார்கள்? எபிரெயத்தில் ஆதாம் என்றாலே மனுஷன். மண்ணுக்கும் அதே வேர். ‘மண்ணாங்கட்டி’ என்று ஒருவனுக்குப் பெயர் வைத்துக் கதை ஆரம்பித்தால் நாம் எப்படிக் கேட்போமோ அப்படி.

ஆனால் ரோமர் 5. ஒரே மனுஷனாலே பாவம், பாவத்தினாலே மரணம். பவுல் ஆதாமை ஆளாகவே நினைத்தார், அதை மழுப்ப மாட்டேன். அந்தத் திரளிலிருந்து தேவன் அழைத்த ஒரு ஜோடி என்கிறார்கள் சிலர். நம் எல்லாருடைய கதை என்கிறார்கள் சிலர். ஒரு நாள் எனக்கு முதலாவது, ஒரு நாள் இரண்டாவது. உன் போதகருடைய சங்கிலியில், ஆதாமுக்கும் சிலுவைக்கும் நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போகிறது தம்பி. சிலுவை தேவைப்படுகிறது என்று எனக்குக் காட்ட ஆதாம் வேண்டியதில்லை. என்னைத் தெரிந்தவர்கள் போதும்.

மரணம்தான் உதைக்கிறது. மனுஷன் வருவதற்குக் கோடிக்கணக்கான வருஷம் முன்பே விலங்குகள் ஒன்றையொன்று தின்று, நோய்ப்பட்டுச் செத்திருக்கின்றன. டைனோசர் எலும்பில் புற்றுக்கட்டி இருக்கிறது. சங்கீதம் 104 இதற்குக் கூச்சப்படவில்லை. பாலசிங்கங்கள் இரைக்காகக் கெர்ச்சித்துத் தேவனிடத்தில்தான் ஆகாரம் தேடுகின்றன. அது ஆதாம் பாவத்தில் விழுந்ததன் விளைவு என்று அங்கே ஒரு சொல் இல்லை. ஆனால் ஆதியாகமம் 1:30-இல் எல்லா மிருகத்துக்கும் பசும்பூண்டுதான் ஆகாரம். இரண்டையும் சேர்த்து வைக்க எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 1

எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

என் அக்காவுக்கு ஒரு பையன் பிறந்தான். இரண்டு மாதத்தில் கால் அசைவது நின்றது. வயிறு மட்டும் மேலும் கீழும் போய் மூச்சு விடுவான். கண் மட்டும் அறையில் யார் எங்கே போனாலும் பின்னாலேயே வரும். அப்படி ஒரு தெளிவான பார்வையை வேறு எந்தக் குழந்தையிடமும் நான் பார்த்ததில்லை. பரிசோதனைத் தாளை மருத்துவர் சொல்வதற்கு முன்பே நான் படித்துவிட்டேன், என் தொழில் அது. எஸ்எம்என்1 என்ற மரபணு: பூஜ்ஜியம் பிரதி. எஸ்எம்என்2: இரண்டு பிரதி. தண்டுவடத் தசைநலிவு, முதல் வகை. எட்டாம் மாதம் போய்விட்டான்.

அடக்கத்தின்போது ஒரு பெரியவர் அக்காவிடம் வந்து, "குடும்பத்தில் அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கா, யோசிச்சுப் பாரும்மா" என்றார். அவள் யோசித்தாள். மாதக்கணக்கில் யோசித்தாள். கல்யாணத்துக்கு முந்தின காலம்வரை தோண்டிக்கொண்டே போனாள்.

ஒரு நாள் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏறத்தாழ ஐம்பது பேரில் ஒருவர் இந்தக் குறையை ஒற்றைப் பிரதியில் சுமக்கிறார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகாது, தெரியவும் தெரியாது. நீ ஒருத்தி, மாமா ஒருத்தர். நாலில் ஒரு பங்கு. கட்டம் போட்டுக் காட்டினேன். அவள் அந்தக் கட்டத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ நான் ஒண்ணும் பண்ணலையா?" என்றாள். பிறகுதான் அழுதாள். அடக்கத்தில் அழாதவள்.

"இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல." யோவான் 9:3. நூறு தரம் படித்திருக்கிறேன். அன்றைக்கு அதை அவளுக்குச் சொன்னது அந்தக் கட்டம்.

இதில்தான் என் விசுவாசமும் விஞ்ஞானமும் ஒரே தடவை கைகுலுக்கிக்கொண்டன. அதே கையில்தான் என் வழக்கும் இருக்கிறது. பிப்ரவரி 12-இல் பிரதிப்பிழை என்று ரசித்து எழுதினேனே, அந்தப் பிழை இல்லாமல் கண்ணும் இல்லை, சிறகும் இல்லை, நாமும் இல்லை. அவனைக் கொன்றதும் அதே பிழை. கம்பளிப்புழுவை உயிரோடு உள்ளிருந்து தின்கிற குளவியை நல்ல தேவன் வேண்டுமென்றே படைத்திருப்பாரா என்று 1860-இல் டார்வின் கேட்டு எழுதியது ஆசா கிரே என்ற விசுவாசமுள்ள தாவரவியலாளருக்கு. பத்து வயது மகளைப் புதைத்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கடிதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த வசனத்தின் அடுத்த பாதி, "தேவனுடைய கிரியைகள் இவனிடத்தில் வெளிப்படும்பொருட்டு" என்பதை நான் அவளுக்குப் படித்துக் காட்டவும் இல்லை.

மார்ச் 2

பலர் ஆறுதல் எழுதியிருக்கிறீர்கள். நன்றி. ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. அந்த இரண்டாவது மரபணு, எஸ்எம்என்2, எப்போதோ முன்னோர் காலத்தில் இரட்டிப்பான ஒரு நகல். ஒரே ஒரு எழுத்து மாறியதால் சரியாக வேலை செய்யாமல் கிடக்கிறது. 2016-இல் அனுமதி பெற்ற முதல் மருந்து, அந்த அரைகுறை நகலைத் தட்டி எழுப்பித்தான் வேலை வாங்குகிறது. இப்போது அந்த மருந்தால் உட்கார்கிற குழந்தைகள் இருக்கிறார்கள். அவனுக்கு அது பிந்திப்போயிற்று. இதற்கு ஒரு பாடம் சொல்லலாம் என்று கை வருகிறது. சொல்லவில்லை.

மார்ச் 9

தம்பி வந்திருக்கிறான். போதகரிடம் பேசினானாம், அவர் கோபப்படவில்லை, "எனக்கு இதெல்லாம் படிக்கக் கொடுத்து வைக்கல தம்பி" என்றாராம். நான் எதிர்பார்க்கவில்லை. போதகர்களைப் பற்றி முன்னால் எழுதிய இரண்டு வரியைக் கொஞ்சம் மென்மையாக எழுதியிருக்கலாம்.

சண்டே ஸ்கூலில் என்ன சொல்வது என்று கேட்கிறாய். முதல் அதிகாரத்தை அப்படியே வாசி. அது பாட்டு மாதிரி ஓடும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். நீயாக ஆறாயிரம் என்று சேர்க்காதே, நீயாகப் பெருவெடிப்பு என்றும் சேர்க்காதே. டைனோசர் எங்கே என்று ஒரு பயல் கட்டாயம் கேட்பான். நமக்கு ஆறரைக் கோடி வருஷம் முன்பே போய்விட்டது என்று சொல். தெரியாததைக் கேட்டால் தெரியாது என்று சொல். நீ பொய்யன் இல்லை.

கடைசியாக, அக்கா இப்போது சபைக்கு வருகிறாரா என்று கேட்டிருக்கிறாய். வருகிறாள். பாடகர் குழுவில் முன்வரிசை. சாட்சி சொல்லும் நேரத்தில் யாராவது "கர்த்தர் என் பிள்ளையைக் காப்பாற்றினார்" என்று எழுந்தால் மட்டும் மெல்ல வெளியே போய்விடுவாள். நானும் கூடப் போய் நிற்பேன்.